ஜாப்ளினின் கார்: ஒரு விற்பனையின் வரலாறு

2015 டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் நடந்த ஏலமொன்றில், ஐம்பத்தோரு வயதான, துணிக்கூரை மடக்கும் போர்ஷ் கார் ஒன்று 17,60,000 டாலருக்கு விலைபோனது. ஏலத்தை நடத்திய ஆர்எம் சோதபீஸ் நிறுவனம் முன்கூட்டி மதிப்பிட்டிருந்த தொகை 4 இலட்சம் முதல் 6 இலட்சம் டாலர்வரைதான். கார் பாடகி ஜானிஸ் ஜாப்ளினுடையது. விற்றவர்கள் அவருடைய தங்கை லாராவும் தம்பி மைக்கேலும். பம்பர் முதல் பம்பர் வரை தகடு தெரியாமல் வண்ண ஓவியம் பூசப்பட்ட அந்தக் காரின் படம் மறுநாள் பல நாளேடுகளில் வந்தது.

விலையைப் பார்த்து வாய்பிளப்பது எளிது. பிரபலங்கள் தொட்ட பொருள் எதுவும் ஏலத்தில் தாறுமாறான விலைக்குப் போகும் என்று சொல்லிவிட்டு நாமும் நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த விற்பனையில் நம்மை நிறுத்திவைக்கும் சங்கதி ஒன்று உண்டு. வாங்கியவரை ஈர்த்திருக்கக்கூடிய அந்த ஓவியம், ஜாப்ளின் கண்ணால் கண்ட ஓவியமே அன்று. அவர் கண்டதை அவருடைய குடும்பத்தாரே 1970-களில் அகற்றிவிட்டார்கள். இப்போது இருப்பது அவர் இறந்து இருபதாண்டுகளுக்கு மேல் கடந்தபின் வேறு கைகள் தீட்டியது. இதை ஒருவரும் மறைக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் குடும்பத்தாரே சொன்னார்கள். அப்படியிருந்தும் மதிப்பீட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. அப்படியானால் அன்று கைமாறியது எது?

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். போர்ஷ் 356 என்பது அந்நிறுவனத்தின் பெயர் தாங்கி வெளிவந்த முதல் கார். 1948-இல் ஆஸ்திரியாவின் குமுண்ட் என்ற சிற்றூரில், மரமறுக்கும் ஆலையாக இருந்த ஓரிடத்தில் தொடங்கி, 1950 முதல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உற்பத்தியானது. எஞ்சின் பின்புறம், அதைக் குளிர்விப்பது தண்ணீரன்று, காற்று. வோக்ஸ்வேகன் வண்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொன்னால் போர்ஷ் அன்பர்களுக்குக் கோபம் வரும். ஆனால் பிறப்பு அதுதான். 1963-இல் வந்த 'சி' வகையில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்; எஞ்சின் 1,600 சிசிக்குச் சற்றுக் குறைவு. 1965-இல் உற்பத்தி நின்றபோது, எல்லா வகைகளும் சேர்ந்து 76,000-த்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்திருந்தன. கூரை மடக்கும் வகையின் உடற்கூட்டைச் செய்தது ராய்ட்டர் என்னும் பட்டறை. போர்ஷ் அந்தப் பட்டறையை வாங்கிக்கொண்டபின் ராய்ட்டர் குடும்பம் இருக்கைகள் செய்யப் புகுந்து, தன் பழைய பெயரின் முன்னெழுத்துகளைக் கோத்து 'ரெகாரோ' ஆயிற்று.

இந்தக் காருக்கு ஒரு தீராத நோயுண்டு: துரு. தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டை மடித்துப் பெட்டிபோல் கட்டிய உடலே சட்டமும் ஆகும். எனவே துருப்பிடிப்பது வெறும் தோல்வியாதியன்று, எலும்புருக்கி. முன்புறத்தில் பேட்டரி வைக்கும் தரை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடு, காலடித் தரை ஆகியவை முதலில் போகும். துணிக்கூரைக் காரென்றால் மழைநீர் மேலிருந்தும் இறங்கும். முப்பது நாற்பது ஆண்டு ஓடிய 356 ஒன்றை விற்க வருபவர், அதன் தரைத்தகடு எப்போது மாற்றப்பட்டது, யார் மாற்றியது என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். மாற்றப்படவே இல்லை என்பது பெரும்பாலும் பொய். உண்மையாயின் அதைவிடக் கவலைக்குரியது.

ஜாப்ளின் இக்காரை வாங்கியது 1968 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பெவர்லி ஹில்ஸில் இருந்த ஒரு விற்பனையகத்தில், 3,500 டாலருக்கு. டெக்ஸஸின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஊரான போர்ட் ஆர்தரில் 1943-இல் பிறந்து, பள்ளியில் சகமாணவர்களின் ஏளனத்துக்கு ஆளாகி, சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓடிவந்தவர் அவர். 1967 ஜூனில் மான்டெரே இசைவிழா அவரை அடையாளம் காட்டியது. 1968 ஆகஸ்டில் 'பிக் பிரதர்' குழுவுடன் அவர் பாடிய 'சீப் த்ரில்ஸ்' இசைத்தட்டு வந்து, விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் எட்டு வாரம் இருந்தது. காசு கைக்கு வந்ததும் வாங்கிய கார் இது. கவனிக்க வேண்டியது, அப்போதே இது பழைய கார். வயது நான்கு, அந்த மாடலின் உற்பத்தி நின்றே மூன்றாண்டு. புத்தம்புதிய போர்ஷ் 911 கடையில் கிடைத்த காலத்தில், வேறொருவர் ஓட்டிய 356-ஐ அவர் எடுத்துக்கொண்டார்.

தொழிற்சாலையிலிருந்து இறங்கியபோது அதன் நிறம் டால்ஃபின் சாம்பல். அடக்கமான, வங்கி மேலாளர்களுக்குப் பிடிக்கும் நிறம். ஜாப்ளினுக்கு அடக்கம் ஒத்துவராது. தம் குழுவின் மேடைச்சாமான்களைப் பார்த்துக்கொண்ட டேவ் ரிச்சர்ட்ஸ் என்பவரிடம் 500 டாலர் கொடுத்து, விரும்பியபடி தீட்டச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மாத வேலை. 'பிரபஞ்சத்தின் வரலாறு' என்று ரிச்சர்ட்ஸ் அதற்குப் பெயரிட்டார். ஒரு பக்கம் குழுவினரின் முகங்கள், ஒரு பக்கம் கலிபோர்னிய மலையும் பள்ளத்தாக்கும், இடையே பட்டாம்பூச்சிகள், காளான்கள், ஜாப்ளினின் மகர ராசிச் சின்னம், எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு கண். முடித்தபின் மேலே ஒளிபுகும் வார்னிஷ் பூச்சு ஒன்றும் கொடுத்தார். அந்தக் கடைசிப் பூச்சை இங்கே குறித்துக்கொள்வோம்.

கார் எங்கே நின்றாலும் அது யாருடையது என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பிவரும்போது கண்ணாடித் துடைப்பானுக்கடியில் ரசிகர்களின் சீட்டு செருகியிருக்குமாம். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் நிகழ்ச்சியில் இருந்த நேரம் பார்த்து ஒருவன் காரைத் திருடினான். நாடறிந்த காரைத் திருடியபின்தான் அதை ஓட்ட முடியாது என்பது உறைத்திருக்க வேண்டும். சாம்பல்நிறப் பூச்சை ஓவியத்தின்மேல் தெளித்தான். கார் மீட்கப்பட்டது. ரிச்சர்ட்ஸின் வார்னிஷ் அடியில் இருந்ததால், திருடன் பூசிய சாம்பலைத் துடைத்தெடுக்கவும் முடிந்தது. அவ்வகையில் ஓவியம் முதல்முறை பிழைத்தது.

1970 அக்டோபர் 1 அன்று, வேறொரு ஜெர்மன் காரைக் கடவுளிடம் கேட்பதாக அமைந்த 'மெர்சிடஸ் பென்ஸ்' பாடலை ஜாப்ளின் பக்கவாத்தியமின்றிப் பதிவுசெய்தார். பீட் கவிஞர் மைக்கேல் மக்ளூரின் ஒரு வரியிலிருந்து முளைத்த பாடல் அது. நண்பர்களெல்லாம் போர்ஷ் வைத்திருப்பதாக அதில் ஒரு குறை வரும்; பாடியவர் ஸ்டுடியோவுக்கு வந்ததே போர்ஷில்தான் என்பதை அறிந்து கேட்டால் அந்தப் பாட்டின் குறும்பு கூடும். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, ஹாலிவுட்டின் லேண்ட்மார்க் விடுதியில் ஹெராயின் மிகுதியால் இறந்துகிடந்தார். வயது 27. அவர் பதிவுக்கு வராததால் தேடிப்போன குழு மேலாளர் ஜான் குக், விடுதி வாசலில் அந்த வண்ணக் கார் நிற்பதைப் பார்த்துத்தான் அவர் அறையில் இருக்கிறார் என்று முடிவுசெய்து கதவைத் திறந்தார்.

ஜாப்ளினிடம் கார் இருந்தது இரண்டாண்டு. அதன் நெடிய வாழ்க்கை இனிமேல்தான். முதலில் அவருடைய தொழில் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் அதைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ஸ்வில் என்னுமிடத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் ஊர் சுற்றிவர அதை எடுத்துப்போவார்கள். கிழக்குக் கரையின் குளிரும் பனியும், யாரோ யாரோ ஓட்டும் கைகளும். 1973-இல் குடும்பத்தார் கேட்டு வாங்கிக்கொண்டபோது கார் தேய்ந்திருந்தது. ஓவியம் உதிரத் தொடங்கியிருந்தது. தம்பி மைக்கேல் அதை ஓட்டினார், பழுது பார்த்தார், மறுபடி ஓட்டினார். ஓவியத்தைக் காப்பாற்ற வழி தெரியாத நிலையில், எஞ்சியதை அகற்றிவிட்டு, பழைய டால்ஃபின் சாம்பலையே பூசச் செய்தார்கள். திருடன் அரைகுறையாகச் செய்ததைக் குடும்பம் முறையாகச் செய்து முடித்தது என்று இதைக் கேலி செய்வோர் உண்டு.

அக்கேலியில் நமக்கு உடன்பாடில்லை. 1970-களின் நடுவில் நின்று பார்க்க வேண்டும். அன்று அது அருங்காட்சியகப் பொருளன்று. இறந்த அக்காவின் பத்து வயதான கார். அறுபதுகளின் மனமயக்க ஓவியம் என்பது அப்போது வரலாறாகவில்லை, பழைய பாணியாகத்தான் ஆகியிருந்தது. பழைய பாணி வரலாறாக மாறுவதற்குமுன் ஒரு பாழ்வெளி உண்டு. பெரும்பாலான பொருள்கள் அழிவது அங்கேதான். நம் வீடுகளில் பாட்டியின் பித்தளை அண்டா எவர்சில்வருக்கு மாற்றாகப் போனதும் அந்தப் பாழ்வெளியில்தான். மைக்கேல் ஓவியத்தை இழந்தார், காரை இழக்கவில்லை. துருவேறும் உடலைத் திறந்துபார்த்து, தகட்டைச் செப்பனிட்டு, பூசி, தெருவில் ஓடவைத்தார். உதிரும் ஓவியத்தைப் போற்றுவதாக எண்ணிக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால், தரைத்தகடு மண்ணோடு மண்ணாகியிருக்கும். விற்க ஒரு கார் இருந்ததற்குக் காரணமே அந்தச் சாம்பல் பூச்சுதான் என்று நாம் கருதுகிறோம்.

லாரா 1992-இல் அக்காவைப் பற்றி 'லவ், ஜானிஸ்' என்னும் நூலை எழுதினார். வீட்டுக்கு ஜானிஸ் எழுதிய கடிதங்களை உள்ளடக்கிய நூல் அது. டென்வரில் அது நாடகமாக மேடையேறியதையொட்டி, காரைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவரும் எண்ணம் பிறந்தது. ஜானா மிட்செல், ஆம்பர் ஓவன் என்ற இரு ஓவியர்கள், எஞ்சியிருந்த நிழற்படங்களை வைத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸின் பிரபஞ்சத்தை மறுபடி தீட்டினார்கள். 1995-இல் கிளீவ்லாந்தில் ராக் இசை அருங்காட்சியகம் திறந்தபோது குடும்பம் அதை அங்கே இரவலாகக் கொடுத்தது. அடுத்த இருபதாண்டில் அதைப் பார்த்துச் சென்றவர்கள் கண்டது இந்த இரண்டாம் ஓவியத்தை. ஜாப்ளினுக்குக் கிடைத்த ஓவியம் உயிரோடிருந்த காலத்தைவிட இதன் ஆயுள் இப்போது பன்மடங்கு நீண்டுவிட்டது.

பழைய கார்ச் சந்தையில் அதிகம் புழங்கும் சொல் 'அசல்'. அசல் எஞ்சின், அசல் பெயின்ட், அசல் இருக்கைத்தோல். அரபியிலிருந்து உருதுவழி நம்மிடம் வந்த இச்சொல்லுக்கு அங்கே வேர் என்று பொருள். தமிழில் அது இரண்டு வேலை செய்கிறது: முதலில் இருந்ததும் அசல், போலியல்லாததும் அசல். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் 1990-இல், இதேபோல் உழைத்துத் தேய்ந்த ஒரு திறந்த கார் விற்பனையை முன்னிட்டுப் பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது.

அந்தக் கார் 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 1929-இலும் 1930-இலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. இருமுறையும் ஓட்டியவர்களில் ஒருவர் பென்ட்லி நிறுவனத் தலைவரான வுல்ஃப் பர்னாட்டோ. 1931-இல் புரூக்லாண்ட்ஸில் 500 மைல் பந்தயத்தையும் வென்றது. ஓட்டிய இருவரில் ஒருவர் ஜாக் டன்ஃபீ. மறுவருடம் எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தி அதே பந்தயத்தில் இறக்கினார்கள். ஜாக்கின் சகோதரர் கிளைவ் டன்ஃபீ அதை ஓட்டும்போது பந்தயத்தடத்தின் கரைமேல் ஏறி மறுபுறம் விழுந்து இறந்தார். சிதைந்த காரைத் திரும்பக் கட்டி, மூடிய உடல் வைத்தார்கள். பின்னர் கைகள் மாறின. 1990-இல் அன்றைய உரிமையாளர் அதை ஒரு கோடி பவுண்டு மதிப்புக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க ஒப்பிய நிறுவனம் பின்வாங்கியது: லெ மானில் வென்ற கார் இதுவன்று என்பது வாதம்.

நீதிபதி ஓட்டன் பாகம் பாகமாக எண்ணிப் பார்த்தார். 1929-இல் வென்ற காரிலிருந்து, காலம் கணிக்கமுடியாத சில சில்லறைப் பொருத்துகள் தவிர, ஒன்றும் மிஞ்சவில்லை. 1930-இன் காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பெட்டியின் உறை, ஸ்டீயரிங் தண்டு. அவ்வளவுதான். அப்படியும் தீர்ப்பு விற்றவர் பக்கமே. தொடக்கத்தில் உருவானபடி இருக்கும் கார் என்று இதைச் சொல்ல முடியாது; ஆனால் பந்தயப் பட்டறையில் நாள்தோறும் பாகம் மாற்றப்பட்டு, எந்த ஒரு கட்டத்திலும் அது ஓல்ட் நம்பர் ஒன் ஆக இல்லாமல் போனதில்லை; அதன் பெயருக்கு உரிமைகோரும் வேறொரு காரும் கிடையாது; இடையறாத வரலாறு உடையதாகையால் இது மெய்யானதே என்பது அவர் முடிவின் சாரம். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் கேட்ட கேள்வி இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று அவர் கேட்டுக்கொண்டே போவார். எதுவும் இல்லை என்று மன்னன் சொல்லிக்கொண்டே வருவான். பிக்கு கேட்டது ஆன்மா இல்லையென்று காட்ட. நீதிபதி கேட்டது ஒரு கோடி பவுண்டை யார் கொடுப்பது என்று அறிய.

அதே 1990-இல் அமெரிக்காவில் நேரெதிரான ஒன்று நடந்தது. நாவலாசிரியர் கென் கீசியும் தோழர்களும் 1964-இல் நாடு சுற்றிய, ஜாப்ளினின் காருக்கு முன்னோடியென்று சொல்லத்தக்க வண்ணப் பேருந்து ஒன்று உண்டு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அதை விரும்பியது. கீசி வேறொரு பேருந்தை வாங்கி, வண்ணம் பூசி, இதுதான் அது என்று கொண்டுபோகப் பார்த்தார். கிளம்பிய பேருந்து போய்ச்சேரவில்லை, அருங்காட்சியகமும் ஏமாறவில்லை. பழைய பேருந்து ஒரிகனில் அவர் பண்ணையின் சதுப்பில் மரங்களுக்கிடையே துருப்பிடித்துக் கிடந்தது. புதிய பேருந்தின் ஓவியம் ஒருவேளை பழையதைவிட நன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது அந்தப் பயணத்தில் ஓடிய வண்டியின் தொடர்ச்சியன்று.

ஜாப்ளின் காரின் இரண்டாம் ஓவியத்துக்கும் கீசியின் இரண்டாம் பேருந்துக்கும் உள்ள தூரம் இதுதான். இரண்டிலும் வண்ணம் புதிது. ஒன்றில் அடியில் இருக்கும் தகடு பழையது. அதன் எண்கள் தொழிற்சாலைப் பதிவோடு சேரும். 1968 முதல் 2015 வரை அது எந்த ஆண்டில் யார் கையில் இருந்தது என்பதற்கு விடை உண்டு. கிராஸ்மன் வீட்டில் இருந்த இரண்டு மூன்று ஆண்டு தவிர்த்தால், குடும்பம் என்ற ஒற்றைச் சொல்லே விடை. நெடுங்காலம் ஒரே கையில் இருந்த காருக்குச் சந்தையில் கூடுதல் விலை உண்டு என்பதை அன்பு, நினைவு என்ற சொற்களால் விளக்குவார்கள். எங்கே எது மாற்றப்பட்டது என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். ஓவியம் உதிர்ந்தது, அகற்றினோம், சாம்பல் பூசினோம், பிறகு இன்னார் தீட்டினார்கள் என்று விற்பவர் வாய்திறந்து சொன்னதால்தான், அந்தப் பூச்சுகள் அத்தனையும் காரின் வரலாற்றில் சேர்ந்தன. மறைத்திருந்தால் அவையே மோசடியாகியிருக்கும்.

ஓவியமில்லாத, பெயர்பெற்றோர் ஓட்டாத, அதே ஆண்டின் அதே வகை 356-ஐ அன்று இந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்கியிருக்கலாம். எஞ்சின் அதுவே; மலைச்சாலை வளைவில் பின்புறம் வழுக்கப் பார்ப்பதும் அதுவே. மைக்கேல் ஓட்டிய ஆண்டுகளில், சாம்பல் பூச்சோடு சாலையோரம் நின்ற இந்தக் காரும் பார்ப்பவர்க்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். துடைப்பானுக்கடியில் சீட்டு வைக்க அப்போது யாரும் வந்திருக்க மாட்டார்கள்.